நாற்பது கிராம்

அண்ணி தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தராசில் வைப்பார். உள்ளங்கை அகலத்தில் கண்ணாடித் தகடு போட்ட சின்னத் தராசு. நாற்பது என்று எண் வந்தால் அடுத்த துண்டுக்குப் போவார். நாற்பத்து மூன்று என்று வந்தால் கத்தி நுனியால் ஓரத்தைச் சீவிவிட்டு மறுபடி வைத்துப் பார்ப்பார். முப்பத்தெட்டு என்றால் சீவி வைத்ததிலிருந்து கொஞ்சம் எடுத்து அழுத்தி ஒட்டுவார். ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு துண்டு. அத்தனையும் நாற்பதுக்கு வரும்வரை அடுக்களையில் யாரும் பேசக்கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நாங்கள் பேசமாட்டோம்.

மிஞ்சிய தூளைத் தானும் வாயில் போட்டுக்கொள்ள மாட்டார், எனக்கும் தரமாட்டார். முதல் தடவை நான் கை நீட்டினேன்.

"ஒனக்குப் பசிக்குதா செல்வி?"

"இல்லண்ணி. சும்மா."

"சும்மா திங்கிற பழக்கம்தான இந்த வீட்டுல எல்லாத்துக்கும் காரணம்" என்று சொல்லிவிட்டு, தூளை வாரிக் கொல்லைப்புறச் சுவரில் அணிலுக்கு வைத்துவிட்டு வந்தார். குரலில் கோபம் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

ஓட்ஸையும் பழத்தையும் பிசைந்து ஓவனில் சுட்டெடுக்கும் அந்தக் கட்டியை அவர் 'பார்' என்பார். அண்ணன் அவர் காதில் விழாமல் 'செங்கல்' என்பார். அண்ணனுக்கு அன்னவாசல் கடைவீதியில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் கடை. வாயில்லாத மனுஷன். அந்த ஒரு கிண்டலைத் தவிர அவர் தன் பெண்டாட்டியைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணி வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் பத்துப் பதினோரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவர். போகும்போது மகள் யாழினிக்கு ஒன்றரை வயது. பால்குடி மறக்காத பிள்ளையை என் இடுப்பில் வைத்துவிட்டுத்தான் கார் ஏறினார். அப்போது நான் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் தாயில்லாமல் ஒரு பிள்ளை, பிள்ளையில்லாமல் ஒருத்தி. யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

யாழினி என்னை 'நீ' என்பாள். போனில் அம்மாவை 'நீங்க' என்பாள். "சாப்ட்டீங்களாம்மா, நல்லாப் படிக்கிறேம்மா" என்று, வகுப்பு டீச்சரிடம் பேசுவதுபோல எழுந்து நின்றுகொண்டு பேசுவாள். பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள். எனக்கு அது உள்ளுக்குள் இனிக்கும். அதை இப்போது ஒளிக்க விரும்பவில்லை.

அண்ணியின் குணத்தை ஒரே வரியில் சொல்வதென்றால், அவருக்குப் பொய் சொல்ல வராது. பொய் என்றால் பெரிய பொய் இல்லை. ஊர் உலகத்தில் எல்லாரும் சொல்கிற சின்னச் சின்னப் பொய்கூட வராது. யாராவது புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து எப்படியிருக்கிறது என்று கேட்டால், "இந்த நெறம் ஒங்களுக்கு எடுக்கலைங்க" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் தன் மகன் பரீட்சையில் தேறிவிடுவான் என்று சொன்னால், "எனக்குத் தெரிஞ்சு தேறமாட்டான்" என்பார். அவனும் தேறமாட்டான். ஒருமுறை கேட்டேன், இப்படியெல்லாம் முகத்துக்கு நேரே சொல்லலாமா என்று.

"அங்க போன புதுசுல எனக்குப் பாஷை தெரியாது செல்வி. ரெண்டே வார்த்தைதான் கத்துக் குடுத்தாங்க. உண்டு, இல்ல. அத வச்சே ரெண்டு வருஷம் ஓட்டினேன். பொழைப்பாரான்னு கேட்டா உண்டு, இல்ல. வலிக்குமான்னு கேட்டா உண்டு, இல்ல. அதுக்கப்புறம் மத்த வார்த்தையெல்லாம் எதுக்குன்னு ஆயிருச்சு."

எங்கள் அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னார். அப்பா கீழே விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தபோது அண்ணி ஒரு மாத லீவில் வந்திருந்தார். அப்பாவுக்கு முதுகில் படுக்கைப்புண். நானும் அண்ணனும் துணியை விலக்கிப் பார்க்கவே பயந்தோம். வாடை தாங்காது. அண்ணி பெட்டியைக்கூடத் திறக்காமல் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். தினம் ரெண்டு வேளை. மூக்கைச் சுளித்து நான் பார்த்ததில்லை. அவர் கை பட்டால் அப்பா முனகுவதுகூட நின்றுவிடும்.

ஒரு நாள் மத்தியானம் அப்பா அவரிடம் கேட்டார். "நான் எந்திரிச்சிருவேனாம்மா?"

நான் கஞ்சியோடு நின்றுகொண்டிருந்தேன். எழுந்துவிடுவீர்கள் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அண்ணி அதற்குள் சொல்லிவிட்டார்.

"இல்லைங்க மாமா. இன்னும் நாலஞ்சு நாள்தான். யாரையாச்சும் பாக்கணும்னா சொல்லுங்க, வரச் சொல்லுவோம்."

அப்பாவின் கண்ணில் அந்த நிமிஷம் தெரிந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கிணற்றில் தூக்கிப் போட்ட ஆட்டுக்குட்டி மாதிரி. அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு மணமேல்குடியில் இருக்கும் அவருடைய அக்காவைப் பார்க்க வேண்டும் என்றார். ஏதோ பழைய சண்டையில் பதினைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அந்த அத்தை வந்து ரெண்டு நாள் அப்பா பக்கத்திலேயே இருந்தது. அவர்கள் சிரித்துப் பேசியதுகூடக் கேட்டது. ஐந்தாம் நாள் அப்பா போய்ச் சேர்ந்தார்.

எல்லாரும் அண்ணியைப் புகழ்ந்தார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்தக் கண்ணுக்காக அண்ணியை நான் மன்னிக்கவே இல்லை.

அவர் வேலையை விட்டு ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது யாழினிக்குப் பன்னிரண்டு வயது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். தள்ளுவண்டியில் ரெண்டு சூட்கேஸ், அதற்கு மேல் அட்டைப்பெட்டியில் ஓவன். அண்ணி நேராக மகளிடம் வந்தார். தோளில் கை போட்டார். கட்டிப்பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். பின்னலை ஒதுக்கிப் பிள்ளையின் பிடரியைப் பார்த்தார்.

யாழினி நல்ல பூசின உடம்பு. கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை இருக்கும். ரெண்டு வருஷமாகவே இருந்தது.

"இத நீ தேச்சுக் குளுப்பாட்டுவியா செல்வி?"

"ஆமாண்ணி. பயத்தமாவு போட்டு, பீர்க்கங்கூட்ட வச்சுத் தேய்ப்பேன். போகமாட்டேங்குது. அழுவா, இருந்தாலும் விடமாட்டேன்."

"போகாது. அழுக்கில்ல இது. ஒடம்புல சர்க்கரை வரப்போகுதுன்னு காட்டுற கறுப்பு. நீ அத அழுக்குன்னு நெனச்சு அவளத் தேச்சிருக்கே."

சுற்றி அத்தனை சனம் இருந்தது. யாழினி தன் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அன்னவாசல் வந்து சேரும்வரை காரில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தப் பிள்ளையை மணையில் உட்கார்த்தி வைத்து, அழ அழத் தேய்த்த என் கையை நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுவாரம் புதுக்கோட்டையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பார்டரில் இருக்கிறது, இப்போதே சாப்பாட்டைச் சரிபண்ணினால் மாத்திரை வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார். அண்ணி வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக் காட்டினார். இது இவ்வளவு இருக்க வேண்டும், இவ்வளவு இருக்கிறது. இது இவ்வளவு இருக்க வேண்டும், இவ்வளவு இருக்கிறது. கடைசி வரி வரைக்கும்.

"நான் வேணுமின்னு செய்யலண்ணி" என்றேன்.

"தெரியும். வேணுமின்னு செஞ்சிருந்தா நிறுத்தச் சொல்லிட்டுப் போயிருவேன். பாசத்துல செஞ்சிருக்கே. அத நிறுத்துறதுதான் கஷ்டம்."

அப்படித்தான் அந்த பார் எங்கள் வீட்டுக்குள் வந்தது. பேக்கரி கேக், பன், சர்க்கரை போட்ட பால்சோறு, சாயங்காலம் நான் சுட்டு வைக்கும் பணியாரம், எல்லாம் நின்றது. பள்ளிக்கூட இடைவேளைக்கு ஒன்று, சாயங்காலம் வேன் இறங்கியதும் ஒன்று. அண்ணி கற்றுக்கொடுத்தார், நான்தான் செய்ய வேண்டும்.

"நீதான ஊட்டி வளத்தே. ஒன் கையில இருந்து வந்தாத்தான் அவ திம்பா. என் கையில வாங்கமாட்டா."

இதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஓட்ஸை எண்ணெய் இல்லாமல் வாணலியில் சூடேற வறுக்க வேண்டும். பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து வெந்நீரில் ஊறப்போட்டு மையாக அரைக்க வேண்டும். நன்றாகக் கனிந்து தோலில் புள்ளி விழுந்த வாழைப்பழம் ஒன்று. பொடியாக நறுக்கிய அத்திப்பழம், உடைத்த நிலக்கடலை, எள், கொஞ்சம் பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் பிசைந்து தட்டில் கொட்டி, எண்ணெய் தடவிய டம்ளரின் அடியால் அழுத்திச் சமமாக்க வேண்டும். ஓவனில் அரை மணி நேரம். நான் வாசம் வந்ததும் கதவைத் திறக்கப் போவேன். அண்ணி கையைப் பிடித்துக்கொள்வார்.

"வாசத்தப் பாக்காதே. மணியப் பாரு."

சீனி இல்லை, வெல்லம் இல்லை. ஒருநாள் நான் விட்டுக்கொடுக்காமல் கேட்டேன், "பேரீச்சம்பழம் மட்டும் இனிப்பில்லையாண்ணி?"

"இனிப்புத்தான். அதனாலதான் நிறுக்குறேன். நல்லதுன்னு அள்ளிக் குடுத்தா அதுவும் நீ குடுத்தது மாதிரிதான் ஆகும்."

எதைக் கேட்டாலும் அந்தப் பதில் எப்படியோ சுற்றி என்னிடம்தான் வந்து நிற்கும்.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். வந்த முதல் மாதமே என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ஒனக்கு ரத்தமே இல்ல" என்று சொன்னவரும் அவர்தான். மாத்திரை வாங்கிவந்து, நான் விழுங்குகிறேனா என்று நின்று பார்த்தார். மூன்று மாதத்தில் மாடிக்குத் துணி காயப்போட ஏறும்போது எனக்கு மூச்சிரைப்பது நின்றுவிட்டது. என் புருஷன் வீட்டிலும் சரி, பிறந்த வீட்டிலும் சரி, அதுவரை என் கண்ணை யாரும் இழுத்துப் பார்த்ததில்லை. அதற்காக அவரிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

மணமேல்குடி அத்தையின் பேரன் கல்யாணத்துக்கு எல்லாரும் போனோம். பந்தியில் யாழினி எனக்கும் அண்ணிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து நான்தான் அலங்காரம் பண்ணியிருந்தேன். இலையில் லட்டு வைக்க வந்தவர் கையை அண்ணி தடுத்தார். வடை வந்தது, தடுத்தார். அப்பளம், பாயசம், எல்லாவற்றையும் தடுத்தார். சோறு ஒரு கரண்டி. பிறகு கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து, லட்டு இருக்க வேண்டிய இடத்தில் அந்த பாரை வைத்தார். பச்சை இலையில் அது சாணி வறட்டி மாதிரி கிடந்தது.

எதிர்வரிசையில் இருந்த உறவுக்காரப் பெண்மணி குனிந்து பார்த்தார். "என்னங்க இது, பச்சப்புள்ளைக்கு லட்டு வைக்காம?"

"அவளுக்குச் சர்க்கரை வர்ற நெலமைங்க."

"இந்த வயசுலயா? எப்படிங்க?"

வேறு யாராக இருந்தாலும் 'ஏதோ வந்துருச்சு' என்று சொல்லி முடித்திருப்பார்கள். அண்ணி என்னைக் கையால் காட்டினார்.

"இவ கணக்கில்லாம திங்கக் குடுத்துட்டா. நான் ஊர்ல இல்ல."

பந்தி முழுக்க என்னைப் பார்த்தது. யாழினி தலையைக் குனிந்துகொண்டு பாரைச் சின்னச் சின்னதாகக் கடித்துத் தின்றாள். நான் பாதி இலையில் எழுந்து கை கழுவப் போனேன். பின்னால் அண்ணி சொல்வது கேட்டது: "சோத்த வேஸ்ட் பண்ணாம சாப்ட்டுட்டு எந்திரி செல்வி."

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை அண்ணி பேங்க் வேலையாகக் காலையிலேயே வெளியே போயிருந்தார். நாலு வெல்லப் பணியாரம் சுட்டு, துணியில் சுற்றி யாழினியின் பையில் வைத்துவிட்டேன். "வேன்லயே தின்னுரு, யாருக்கும் தெரியாது" என்றேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் நாலு பணியாரமும் அப்படியே அடுக்களை மேடையில் இருந்தன. யாழினி அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா கேட்டாங்க அத்தை, பையில என்னன்னு. நான் சொல்லிட்டேன்" என்றாள். பயந்து சொன்னதாகத் தெரியவில்லை. அவள் அம்மா எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னாள்.

அண்ணி அவளை உள்ளே போகச் சொன்னார். ஒரு பணியாரத்தை எடுத்துத் தராசில் வைத்தார். எண்ணைப் பார்த்தார். ரெண்டாவதை வைத்தார். நாலையும் நிறுத்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"இதச் சுட்டப்ப ஒனக்கு சந்தோஷமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதுதான் செல்வி. ஒனக்குன்னு ஒரு புள்ள இல்ல. அதனால இவளத் திங்க வச்சுத் திங்க வச்சுப் பாத்துக்கிட்டே இருந்துட்டே. ஒன் வயித்துல பொறந்திருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டே. பெத்தவளுக்குப் பயம் இருக்கும். ஒனக்கு ஆசை மட்டுந்தான் இருந்துச்சு."

நான் அழவில்லை. நாலு பணியாரத்தையும் எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டு வந்து பாத்திரம் கழுவினேன். என் புருஷன் வீட்டில் என்னை மலடி என்று வாய்விட்டுத் திட்டியிருக்கிறார்கள். அது எனக்கு மறந்துகூடப் போயிற்று. இது மறக்கவில்லை. ஏனென்றால் இது உண்மை. உண்மை என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஒரு சாயங்காலம் வேனில் இருந்து இறங்கிய யாழினியை நான் அழைத்துக்கொண்டு வந்தேன். நடந்துகொண்டே பாரைத் தின்றாள். "அது நல்லாவா இருக்கு?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்வாள் என்ற நப்பாசைதான்.

"ருசி பழகிப்போச்சு அத்தை. ஆனா எனக்கு இது பிடிக்கும். அம்மா ஒவ்வொண்ணையும் எனக்குன்னு நிறுத்துப் பாக்குறாங்கல்ல. கத்தியால சீவிச் சீவி வைப்பாங்கல்ல. நான் கதவுக்கிட்ட நின்னு பாப்பேன். என் கிளாஸ்ல யாருக்கும் அவங்கம்மா அப்படிச் செய்யல. எனக்கு அம்மான்னா முன்னாடியெல்லாம் போன்தான். இப்பத்தான் அம்மா இருக்குற மாதிரி இருக்கு."

பிறகு பள்ளிக்கூடத்தில் யாரோ விழுந்த கதைக்குப் போய்விட்டாள். நான் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். பதினோரு வருஷம் நான் குழைத்து ஊட்டிய சோற்றை அவள் இப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

பத்து நாள் கழித்து அடுத்த ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை சரியான அளவுக்கு இறங்கியிருந்தது. அன்றைக்கு அண்ணி ரொம்ப சந்தோஷமாக இருந்தார். எனக்குத் தெரிந்து அவரை அப்படிப் பார்த்தது அந்த ஒருநாள்தான். ஆதனக்கோட்டை முந்திரி வாங்கிவந்தார். வடகாட்டுப் பலாச்சுளையை நறுக்கி ஓவனில் வாட்டி வைத்திருந்தார், அதைப் போட்டுப் புதிதாக ஒரு தட்டு செய்யப்போகிறேன் என்றார். கத்தரியால் பேரீச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"செல்வி, யாழினி என்னையப் பத்தி ஒங்கிட்ட எதாச்சும் சொல்லுவாளா?"

"எதப் பத்திண்ணி?"

"எதையாச்சும். நான் செய்யுறதப் பத்தி. எங்கிட்ட கேட்டதுக்கு மட்டுந்தான் பேசுறா. ஒங்கிட்டத்தான் எல்லாம் சொல்லுவா."

அவர் காது சிவந்திருந்தது. அந்த மனுஷி ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன். பத்து நாளுக்கு முந்தைய பேச்சு என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"ஒண்ணும் சொன்னதில்லையே அண்ணி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். "ஒருநாள் மட்டும் சொன்னா. ஒங்களப் பாத்தா பயமா இருக்குன்னு. நீங்க திரும்பி அங்கயே போயிருவீங்களான்னு கேட்டா."

கத்தரி நின்றது.

"போயிரணும்னு கேட்டாளா?"

"அப்படித்தான் தெரிஞ்சுச்சு."

"சரி" என்றார். மீதிப் பழத்தையும் நறுக்கி முடித்தார். தட்டை ஓவனில் வைத்தார், மணியைப் பார்த்தார், எடுத்தார், ஆறவிட்டு வெட்டினார். பன்னிரண்டையும் நிறுத்தார். நான் சொன்னது உண்மைதானா என்று மகளிடம் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. தன்னைப் போலத்தான் மற்றவர்களும் பேசுவார்கள் என்று நினைத்திருந்தார் போல.

ரெண்டு மாதத்துக்குள் பழைய ஆஸ்பத்திரியிலேயே மறுபடி வேலைக்கு ஏற்பாடு பண்ணிக்கொண்டார். அண்ணன், "எதுக்கு இப்ப?" என்று ஒருமுறை கேட்டார். "இங்க என் வேலை முடிஞ்சிருச்சுங்க" என்றார் அண்ணி. யாழினி எதுவும் கேட்கவில்லை. அம்மா முடிவெடுத்தால் கேள்வி கேட்கக்கூடாது என்று அவள் பழகியிருந்தாள். ஏர்போர்ட்டில் அழாமல் நின்றாள். அழுதால் அம்மாவுக்குப் பிடிக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. அண்ணிக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கும்.

உள்ளே போகுமுன் என்னிடம் ஒரு நோட்டுத்தாளைக் கொடுத்தார். எது எத்தனை கிராம் என்று தமிழில் வரிசையாக எழுதியிருந்தார்.

"நீ செஞ்சு குடு. ஒன் கை அவளுக்குப் பயமில்ல."

அந்த வார்த்தையில் குத்தல் இல்லை. அவருக்குக் குத்தலாகப் பேசத் தெரியாது. அவர் நம்பியதைச் சொன்னார்.

ரெண்டு வருஷம் கழித்துக் கொரோனா வந்தது. அண்ணி அங்கே அந்த வார்டில்தான் வேலை பார்த்தார். ஒருநாள் காலை பத்து மணி இருக்கும், வீடியோவில் கூப்பிட்டார். மூக்கில் குழாய் இருந்தது. முதலில் அண்ணனிடம் பேசினார். பிறகு யாழினியிடம்.

"எனக்கு வந்துருச்சு. மூச்சு கொறையுது. மத்தியானம் தொண்டைக்குள்ள குழாய் விடுவாங்க. விட்டா திரும்பி வர்றவங்க கொஞ்சப் பேருதான். நல்லாப் படி."

"சரிம்மா" என்றாள் யாழினி. போன் என்னிடம் வந்தது.

"செல்வி, அவ கழுத்து எப்படி இருக்கு?"

"வெளுத்துருச்சண்ணி. கறுப்பு சுத்தமா இல்ல."

"நல்லது."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நான் சொன்னது பொய் அண்ணி, பிள்ளை உங்களைப் பற்றி இப்படிச் சொன்னாள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஆனால் யாழினி என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழும். என்னை அவள் என்ன நினைப்பாள் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது. அண்ணி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு அங்கே யாரோ வந்தார்கள், போன் நின்றுவிட்டது. ஒன்பதாம் நாள் இறந்துபோனார். உடல் வரவில்லை. அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள்.

யாழினி இப்போது திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். உடம்பு மெலிந்து, உயரமாக, நடை மட்டும் அண்ணி மாதிரி. போன மாதம் லீவுக்கு வந்திருந்தபோது மத்தியானம் ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். திடீரென்று சொன்னாள்.

"அம்மாவுக்கு என்னைய அவ்வளவா பிடிக்காதோ என்னமோ அத்தை. இல்லேன்னா ரெண்டாவது தடவ ஏன் போகணும்? எனக்குச் சர்க்கரை சரியானதும் கெளம்பிட்டாங்க. பேஷன்ட் டிஸ்சார்ஜ் ஆன மாதிரி."

இதை எத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்தாளோ. இனிமேல் மறைக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். வேன் இறங்கி வரும்போது அவள் பேசியது, அண்ணி கேட்டது, நான் சொன்னது, கத்தரி நின்றது, ஏர்போர்ட்டில் அண்ணி சொன்னது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் அவள் என்னை அடித்தாலும் சரி, வீட்டை விட்டுப் போகச் சொன்னாலும் சரி என்று உட்கார்ந்திருந்தேன்.

யாழினி யோசித்தாள்.

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொன்னே. கடைவீதி தாண்டி, வாய்க்கால் பாலத்துக்கிட்ட. என் கையில ஒன் பை இருந்துச்சு."

"எனக்கு ஞாபகமே இல்ல அத்தை. அவங்க கத்தி வச்சுச் சீவுறது ஞாபகம் இருக்கு. பயமாத்தான் இருக்கும் எனக்கு."

"இல்ல யாழினி. பிடிக்கும்னு சொன்னே. அம்மா இருக்குற மாதிரி இருக்குன்னு சொன்னே. சத்தியமாச் சொல்றேன்."

அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் கோபமே இல்லை. சின்னப் பிள்ளையைச் சமாதானம் பண்ணுவதுபோலச் சிரித்தாள்.

"என்னையத் தேத்துறதுக்காக ஏன் இப்படி ஒன் தலையில பழியப் போட்டுக்கிறே? அம்மா மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல. போனாங்க, அவ்வளவுதான்."

"நான் சொல்றது நெசம்."

"சரி, சரி" என்றாள். "ஒனக்குப் பொய் சொல்லவே வரமாட்டேங்குது அத்தை."